ரூஃப் கான்கிரீட்டில் 32 மூட்டை சிமெண்ட் கூடுதலாகப் போயிருக்கிறது, எங்கே தவறு?

கேள்வி:
மதுரையில் சிறிய அளவில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். இப்போது ஒத்தக்கடையில் ஒன்று, திருநகரில் ஒன்று. ஊரின் இரண்டு கோடியில் இருப்பதால் ஒரே நாளில் இரண்டு இடத்திலும் நிற்க முடிவதில்லை. போன வாரம் ஒத்தக்கடையில் ரூஃப் போட்டோம். 1000 சதுர அடி, 5 அங்குலக் கனம், 1:1.5:3 கலவை (சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று). கன மீட்டருக்கு 8 மூட்டை வைத்து 94 மூட்டை என்று கணக்குப் போட்டேன். இறக்கியது 130, மிச்சம் 4. அப்படியென்றால் 126 போயிருக்கிறது. மேஸ்திரி 11 வருடமாக என்னோடு இருப்பவர். அவரிடம் இதை எப்படிக் கேட்பது என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

பதில்:
தம்பி, அவரிடம் இப்போதைக்கு எதுவும் கேட்காதீர்கள். அந்த 94-இல் பீம் சேர்ந்திருக்கிறதா? பரப்பைக் கனத்தால் பெருக்கினால் தளம் மட்டும்தான் வரும், அதற்குக் கீழே இறங்கும் பீம் வராது.

கேட்டவர்:
சேர்க்கவில்லை அண்ணே. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பீம் அகலம் 9 அங்குலம், தளத்துக்குக் கீழே 12 அங்குலம், மொத்த நீளம் 150 அடி. 3.2 கன மீட்டர், அதாவது 25 மூட்டை. இன்னும் 7 இடிக்கிறது.

இன்னொரு பதில்:
கலவையைச் சட்டிக் கணக்கில் போட்டீர்களா? சிமெண்ட் முழு மூட்டையாக விழுகிறது, மணலும் ஜல்லியும் சட்டியில் விழுகின்றன. மதியத்துக்கு மேல் ஆட்கள் களைத்துவிட்டால் சட்டி நிறையாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே மூட்டைக்குக் கான்கிரீட் குறைந்துவிடும். 12க்கு 12 அங்குலம், உயரம் 15 அங்குலம் வைத்து ஒரு இரும்புப் பெட்டி செய்யுங்கள். 1.25 கன அடி, ஒரு மூட்டையின் அளவு. மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி எம்சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), மூன்று பெட்டி ஜல்லி.

அப்புறம், சிமெண்ட் அறைக் கதவில் ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். மூட்டையைப் பிரிக்கும்போதே எதற்கு என்று எழுத வேண்டும். சனிக்கிழமை சம்பளம் போடும்போது நினைவிலிருந்து எழுதிய கணக்கு எனக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை.

முதலில் பதில் சொன்னவர்:
நோட்டை மேஸ்திரி கையிலேயே கொடுங்கள். எழுத வராத நாளில் கோடு போட்டால் போதும். சாயங்காலம் காலிச் சாக்கை எண்ணி நோட்டோடு ஒத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
பீமை நான்தான் விட்டுவிட்டேன் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். தண்ணீர்த் தொட்டிப் பூச்சுக்கு 4 மூட்டை எடுத்ததை அவரே ஞாபகப்படுத்திச் சொன்னார். பாக்கி 3. சட்டிக் கணக்கில்தான் கலவை போட்டோம், அதில் போயிருக்கும். இரண்டு சைட்டுக்கும் பெட்டி செய்யப் பட்டறையில் சொல்லிவிட்டேன்.