கடல்பாசி வளர்த்தா கார்பன் குறையுமா?

தொண்டிக்காரன்:
எங்க பக்கம் கடல்ல பாசி மிதவை கூடிக்கிட்டே போகுது, 2023ல வளமாவூர்ல பாசிப் பூங்காவுக்கு அடிக்கலும் நாட்டிட்டாங்க. இப்ப பாசி கார்பனை உறிஞ்சிடும், கார்பன் கிரெடிட் (கார்பனை குறைச்சதுக்கு குடுத்து, கம்பெனிங்களுக்கு விக்கிற சான்று) வித்து காசு பாக்கலாம்னு சிலர் பேசுறாங்க, எங்க அக்காமாருங்க அதை நம்பி கேக்குறாங்க. எந்தளவு நிஜம்? சிப்பி, கூண்டு மீனுக்கும் இதே கணக்குதானா?

பாக்கடல்:
உறிஞ்சுறது நிஜம்தான் தம்பி, தண்ணில கரைஞ்சிருக்க கார்பனை எடுத்துதான் பாசி வளருது. ஆனா உறிஞ்சினது எங்க போகுதுன்னு பாருங்க. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவைல 60 கிலோ விதைப்பாசி கட்டுனா 45 நாள்ல 260 கிலோ வாக்குல வரும். கூடுன 200 கிலோவ காயவச்சா 20 கிலோ, அதுல கால்பங்கு கார்பன்னு வச்சா 5 கிலோ, கார்பன் டை ஆக்சைடு கணக்குல 18 கிலோ. ஏழு லிட்டர் டீசல் எரிச்சா வர்ற புகை அவ்வளவுதான். அதுவும் காஞ்ச பாசி கேராஜீனன்ங்கிற கெட்டியாக்குற பொருளா மாறி ஐஸ்கிரீம்லயும் பல்லு விளக்குற பேஸ்ட்லயும் போயி கொஞ்ச நாள்லயே திரும்ப காத்துக்கு வந்துரும்.

நெய்தல்:
சிப்பி விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க. ஓடு முழுக்க கார்பனேட்டுதானே, அப்ப கார்பன் பூட்டி வச்ச மாதிரிதானேன்னு தோணும். ஆனா கடல்தண்ணில இருக்க பைகார்பனேட்டை வச்சு ஓடு கட்டும்போது ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடு வெளிய வருது, அதனால ஓட்டை வரவுல எழுத முடியாது. கூண்டுல கடல்விரால் வளர்க்குறது இன்னும் மோசம், தீவனத்துக்கு மீன் பிடிக்கணும், போட்டுக்கு டீசல் ஊத்தணும், அது செலவுக் கணக்குதான்.

தொண்டிக்காரன்:
அப்ப உலகத்துல கடல்பாசி கார்பனை புதைக்குதுன்னு படிச்சதெல்லாம் பொய்யாண்ணே?

பாக்கடல்:
பொய் இல்ல. அது பெரும்பாலும் தானா வளர்ற பாசிக்காடு பத்தினது, பிஞ்சு போன துண்டு ஆழ்கடலுக்குப் போய்ச் சேர்ந்தாதான் ரொம்ப காலம் தங்கும். நம்ம பாக் விரிகுடா பெரும்பாலும் பத்து மீட்டர் சொச்சம் ஆழம், இங்க எந்த ஆழத்துக்குப் போகும்? இங்க நிஜமா கார்பனை சேத்து வைக்கிறது கடலடியில புல்லு மாதிரி வளர்ற கடல்தாழைதான், வேரடி சேத்துல காலங்காலமா புதைச்சு வச்சிருக்கு, ஆவுளியா, அதாவது கடல்பசு, மேயுறதும் அதைத்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல்ல 2022ல கடல்பசு காப்பகம் அறிவிச்சது கடல்பசுவையும் அது மேயுற தாழையையும் காக்கத்தான். அந்த தாழைக்கு மேல மிதவையை நெருக்கிப் போட்டா வெயில் படாம அது செத்துரும், கார்பனுக்குன்னு ஆரம்பிச்சு இருக்கிறதையும் தொலைச்ச கதையாயிரும். மன்னார் வளைகுடா குருசடைத் தீவுல, வளர்ப்புல இருந்து வெளிய தப்பிச்ச இதே பாசி பவளப்பாறையை மூடுனதையும் மறக்கக் கூடாது.

நெய்தல்:
அக்காமாருங்ககிட்ட பாசி போட வேணாம்னு சொல்லாதீங்க. உரம் வேணாம், நல்ல தண்ணி வேணாம், நிலம் வேணாம், கையில காசு வருது, இதுக்கே அந்த தொழில் போதும். கிரெடிட்னு கையெழுத்து கேட்டு யாராவது வந்தா, அறுவடை பண்ண பாசிக்கு என்ன கணக்கு காட்டுவீங்கன்னு முதல்ல கேக்கச் சொல்லுங்க. மிதவை இறக்குறதுக்கு முன்னாடி கீழ தாழை இருக்கான்னு ஒருதடவை முங்கிப் பாத்துக்கச் சொல்லுங்க.