புதுப்பிப்பு: நீண்ட ஆங்கிலத் தொகைச்சொற்களில் அழுத்தம் எங்கே விழுகிறது?

ஆங்கிலத்தில் இரு பெயர்ச்சொற்கள் சேர்ந்து தொகையானால் அழுத்தம் எப்போதும் முதற்சொல்லில்தான் விழும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். ‘எப்போதும்’ என்றது பிழை, திருத்திக்கொள்கிறேன். ‘ஆப்பிள் கேக்’ என்பதில் ஆப்பிள் ஓங்கி ஒலிக்க, ‘ஆப்பிள் பை’ (apple pie) என்பதில் பை ஓங்குகிறது. தெருப்பெயர்களிலும் ‘ஸ்ட்ரீட்’ என முடிபவை முன்சொல்லில் அழுத்தம் பெற, ‘ரோடு’ என முடிபவை பின்சொல்லில் பெறுகின்றன.

மூன்று சொற்கள் சேரும்போது உள்கட்டமைப்பே பெரிதும் முடிவுசெய்கிறது. மொழியியலாளர்கள் மார்க் லிபர்மனும் ஆலன் பிரின்ஸும் 1977இல் வகுத்த விதிப்படி, தொகையைப் பொருளுக்கேற்ப இரண்டாகப் பிரித்தால் வரும் வலப்பக்க உறுப்பு தானே ஒரு தொகையாக இருந்தால்தான் அழுத்தம் அங்கே செல்லும். சமையலறைத் துண்டுகளுக்கான தாங்கி என்ற பொருளில் ‘கிச்சன் டவல் ரேக்’ என்றால் கிச்சன் ஓங்கும். சமையலறையில் உள்ள துண்டுத்தாங்கி என்ற பொருளில் டவல் ஓங்கும். எழுத்தில் ஒன்றாகத் தெரிவதைக் காது பிரித்தறிவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அசைக் கணக்கைக் கேட்டவர்களுக்கு: நான் குறிப்பிடுவது நேர், நிரை என்னும் யாப்பசையன்று, ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலித்துண்டு. ‘ஸ்கூல் பஸ் டிரைவர்’ ஆங்கிலத்தில் நான்கு அசை. ‘இஸ்கூலு பஸ்ஸு டிரைவரு’ என்னும்போது நம் நாவில் ஒன்பதாகி, முதற்சொல்லின் ஓங்கலும் கரைந்துவிடுகிறது.