561 கோடியா, 500 கோடியா?

ஏரிக்கரையான்: "சென்னை வெள்ளத் தணிப்புக்கு மத்திய அரசு 561 கோடி அள்ளிக் கொடுத்தது, இன்னும் குழாயில் சாக்கடைதான் வருகிறது" என்று பக்கத்து இழையில் பரங்கிமலை பாபு எழுதியிருக்கிறார். 2023 டிசம்பர் 7 அறிவிப்பை முழுசாகப் படிக்க வேண்டாமா சார்? திட்ட மதிப்புதான் 561.29 கோடி. மத்திய உதவி 500.

பரங்கிமலை_பாபு: தலைப்புச் செய்தியிலேயே 561 என்றுதான் இருந்தது. அதே நாளில் 450 கோடியும் வந்ததே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

ஏரிக்கரையான்: அந்த 450 மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் இரண்டாம் தவணை. மிக்ஜாம் புயல் அடித்ததால் முன்கூட்டியே விட்டார்கள், எப்படியும் வரவேண்டிய காசு. நிவாரணம் வேறு, தணிப்பு வேறு; முன்னது பேரிடர் வந்தபின் கொடுப்பது, பின்னது வருமுன் பாதிப்பைக் குறைக்கச் செய்வது. 15-ஆவது நிதிக்குழு 2021-26-க்கான பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்புக்கென்றே பிரித்து வைத்தது.

பரங்கிமலை_பாபு: 20 சதவீதமா? அப்போது 561-இல் 112 கோடிதான் தணிப்பா? நீங்களே மாட்டிக்கொண்டீர்கள்.

ஏரிக்கரையான்: கடவுளே. 500 முழுவதுமே தணிப்பு நிதி. 500.

நீரேற்றி: இரண்டு பேரும் குடிநீரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. 2019-இல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அது பேரிடர் இல்லையா? மிக்ஜாமில் எங்கள் பகுதி பம்பிங் ஸ்டேஷனில் மோட்டார் பேனல் வரைக்கும் சேறு, இரண்டு நாள் கழித்துக் குழாயைத் திறந்தால் கறுப்பாக நுரைத்துக்கொண்டு வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் பேரூர் ஆலைக்கு ஜப்பானிடம் கடன் வாங்கத் தெரிகிறது, ஒரு பேனலை நாலடி தூக்கி வைக்கக் காசில்லையா?

பரங்கிமலை_பாபு: ஜப்பானை ஏன் இழுக்கிறீர்கள்? 561 எங்கே போச்சு, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தாமிரபரணித்_தம்பி: சென்னையை விட்டால் தமிழ்நாட்டில் ஊரே கிடையாது, அப்படித்தானே? அதே டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஆற்றை நம்பியிருந்த கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் படுத்துவிட்டன, வெள்ளத்துக்கு நடுவே குடிக்கத் தண்ணீர் இல்லை. எங்களுக்கு எத்தனை 561?

ஏரிக்கரையான்: நீங்களுமா தம்பி? 500! மிச்சம் மாநிலத்தின் பங்கு.

தாமிரபரணித்_தம்பி: பங்கு யாருடையதாக இருந்தாலும் அது செங்கல்பட்டைத் தாண்டாது அண்ணே.

பரங்கிமலை_பாபு: பார்த்தீர்களா, தம்பியே 561 என்கிறார்.

ஏரிக்கரையான்: 2015-இல் செம்பரம்பாக்கத்தில் திறந்துவிட்ட 29,000 கன அடியை 2,900 என்று எழுதிவிட்டு மல்லுக்கு நின்றவர்தானே நீங்கள்? உங்களிடம் போய் எண்ணைப் பற்றிப் பேசுகிறேன் பாருங்கள்.

பரங்கிமலை_பாபு: அது தட்டச்சுப் பிழை. அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஏரி என்றாலே உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது, நீங்கள் பொதுப்பணித் துறையில் இருந்தவரா?

ஏரிக்கரையான்: நான் எங்கே இருந்தால் உங்களுக்கு என்ன?