தொரொந்தேஸ் ஒயின், கஃபயாத்தே ஊர்: குடித்தவர்கள், போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

அர்ஜென்டினா போகிறவர்கள் பெரும்பாலும் மெந்தோசாவுக்குப் போய் மால்பெக் என்ற சிவப்பு ஒயினைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. வடமேற்கே சால்தா மாகாணத்தில் கஃபயாத்தே என்றொரு சின்ன ஊர். அங்கே விளையும் தொரொந்தேஸ் திராட்சையில் செய்கிற, அதே பெயருள்ள வெள்ளை ஒயினைக் குடிக்காமல் அந்த நாட்டைவிட்டுக் கிளம்பக் கூடாது என்பது என் கட்சி.

சால்தா நகரிலிருந்து 68-ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 190 கி.மீ. பஸ்ஸில் போனேன். கடைசிப் பகுதி முழுக்கச் செக்கச் சிவந்த பாறைகள், கண்ணுக்கெட்டிய தூரம் வறட்சி. அது முடிகிற இடத்தில் திடீரென்று திராட்சைத் தோட்டம். ஊர் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகல் வெயில் சுட்டெரிக்கும், பொழுது சாய்ந்ததும் ஸ்வெட்டர் தேட வைக்கும். மழை சொற்பம், மலையிலிருந்து இறங்கும் தண்ணீரைத்தான் பாய்ச்சுகிறார்கள். பழைய தோட்டங்களில் கொடியைப் பந்தலில் ஏற்றியிருக்கிறார்கள். குலைகள் தலைக்கு மேல் இலை நிழலில் தொங்குவதால் உச்சி வெயில் பழத்தைப் பொசுக்குவதில்லை. ராத்திரிக் குளிரில் பழத்தின் புளிப்பும் குறையாமல் நிற்கிறது.

கிளாஸில் வெளிர் மஞ்சள், ஓரத்தில் லேசாகப் பச்சை. மூக்கருகே கொண்டுபோனதும் மல்லிகை, ரோஜா, ஆரஞ்சுத் தோல் எல்லாம் ஒன்றாக வந்தன. தித்திக்கப் போகிறது என்று நாக்கு காத்திருந்தது. வாயில் வைத்தால் இனிப்பே இல்லை! சுள்ளென்று புளிப்பு, விழுங்கிய பிறகு மெல்லிய கசப்பு. அந்தக் கசப்புதான் அடுத்த வாய்க்குக் கூப்பிடுகிறது.

* * *

மேலே நண்பர் சொன்ன வாசனையைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குச் சொந்த ஊர் கம்பம். வேலை விஷயமாகப் புவனோஸ் ஐரிஸ் போனபோது ஒரு ஹோட்டலில் இதை ஊற்றிக் கொடுத்தார்கள். முகர்ந்ததும் எங்கள் பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. பிரமை என்றுதான் நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால், காரணம் இருக்கிறது.

தொரொந்தேஸில் மூன்று வகை. அதிக வாசனை உள்ளதும் கஃபயாத்தேயில் பயிராவதும் ரியோஹானோ வகை. மரபணுச் சோதனைப்படி அதன் பெற்றோரில் ஒன்று அலெக்சாண்டிரியா மஸ்கட் என்ற வாசனைத் திராட்சை, இன்னொன்று ஸ்பானியர்கள் கொண்டுவந்த கிரியோயா என்ற பழைய திராட்சை. நம் பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க்கும் அதே அலெக்சாண்டிரியா மஸ்கட்டுக்குப் பிறந்ததுதான். மற்ற பெற்றோர் மட்டும் வேறு. ஆக இரண்டும் ஒருவழியில் உடன்பிறப்புகள். ஒன்று ஆண்டிஸ் மலையடியில், இன்னொன்று மேற்குத் தொடர்ச்சி மலையடியில். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அந்தக் கிளாஸ்தான் ஞாபகம் வந்தது.

* * *

நான் சாப்பாட்டுப் பக்கம் மட்டும் சொல்கிறேன். சால்தாவின் எம்பனாதா, அதாவது மாவுக்குள் பூரணம் வைத்து மடித்த பண்டம், சின்னதாக இருக்கும். உள்ளே கையால் பொடியாக வெட்டிய மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, சீரகம். சுடச்சுட அதை ஒரு கடி, ஜில்லென்று தொரொந்தேஸ் ஒரு வாய். சீரகத்தோடு அந்தப் பூவாசம் எவ்வளவு பொருந்துகிறது என்று சாப்பிட்டால்தான் தெரியும். காரமான மீன் வறுவலுக்கும் இது நன்றாகப் போகிறது, வீட்டில் செய்து பார்த்துவிட்டேன். கஃபயாத்தேயில் இதே ஒயினில் ஐஸ்க்ரீம் போடுகிறார்கள், விடாதீர்கள்.

வாங்கும்போது லேபிளில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். பெரும்பாலான தொரொந்தேஸ் வருஷக்கணக்கில் வைத்துக் குடிக்கிற ஒயின் இல்லை. நாளாக ஆக வாசனை மங்கி, கசப்பு மேலே வந்துவிடும். பாட்டிலைத் திறந்தால் அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது.