பாலிப்: ‘சவ்வுமொக்கு’ சரியாக வருமா?

வணக்கம். குடல் பரிசோதனை பற்றிய நம் துண்டறிக்கையில் ‘பாலிப்’ (குடலின் உட்சவ்வில் முளைக்கும் சிறு வளர்ச்சி) என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லைப் போடுவது என்ற பேச்சில் ‘குடல் கட்டி’, ‘தசை வளர்ச்சி’, ‘முளை’, ‘விழுது’ என்று பல சொற்கள் வந்திருக்கின்றன. முதலாவதைப் பற்றி வந்த கருத்து இது:

> பேசாமல் ‘குடல் கட்டி’ என்றே போட்டுவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

இப்படி எழுதிய மோல்மேன் ஊர் ஐயா, புரியும். ஆனால் வேறொன்றாகப் புரியும். பர்மாவில் பெகு பக்கத்துக் கிராமத்திலிருந்து கொலோனோஸ்கோப்பிக்கு (கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) வந்த ஒரு பாட்டிக்கு மொழிபெயர்க்க நான் கூட இருந்தேன். 8 மில்லிமீட்டர் பாலிப், அங்கேயே எடுத்துவிட்டார்கள். மகன் வெளியே வந்து “கொடல்ல கட்டியாம்மா” என்றதுதான் தாமதம், முந்தானையில் காசை முடிந்து பீலிக்கான் முனீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டார். டாக்டர் அதற்குப் பிறகு சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. நம் காதில் ‘கட்டி’ என்றால் புற்றுதான். பாலிப்பில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதே இல்லை. மாறுகிற வகைக்கும் பல ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்து எடுத்துவிடலாம் என்பதுதானே நம் துண்டறிக்கையின் சாரம்? முதல் சொல்லிலேயே அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

‘தசை வளர்ச்சி’யும் எனக்கு ஒப்பவில்லை. பாலிப் முளைப்பது குடலின் உட்புறச் சளிச்சவ்வில். குடலை இயக்கும் தசை அடுக்கு அதற்கும் வெளியே இருக்கிறது. புற்றணுக்கள் சவ்வைத் தாண்டி அதன் அடியடுக்கில் இறங்கிவிட்டனவா என்பதைப் பார்த்துத்தான் பெருங்குடலில் அது புற்றா இல்லையா என்று நோய்க்குறியியல் மருத்துவர் முடிவு சொல்கிறார். பாலிப்பையே ‘தசை’ என்று எழுதிவிட்டால், நாளைக்கு ‘தசை அடுக்கு வரை பரவியிருக்கிறது’ என்று எப்படி எழுதுவோம்?

‘முளை’ நல்ல சொல்தான். ஆனால் மூலத்தை ‘மூலமுளை’ என்பது பழைய வழக்கு. மலத்தில் ரத்தம் கண்டால் “மூலம்தான், மோர் குடி” என்று நாள் கடத்துகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு இன்னொரு சாக்கு நாமே கொடுக்க வேண்டாம்.

அக்கா சொன்ன ‘விழுது’ அழகு. காம்பில் தொங்குகிற பாலிப்புக்கு அப்படியே பொருந்துகிறது. தொங்காததை என்ன செய்வது? 2002-இல் பாரிசில் கூடிய வல்லுநர்கள் வடிவத்தை வைத்து வகுத்த முறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள்: காம்புள்ளது, காம்பில்லாமல் அடிபரந்து உட்கார்ந்திருப்பது, சற்றே மேடிட்ட தட்டை, முழுத் தட்டை, குழிந்தது. கண்ணுக்குத் தப்புவதும் பெரும்பாலும் தட்டையானவைதான். விழுது என்று கேட்டவர் தட்டையானதை மனத்தில் நினைக்கவே மாட்டார்.

அதனால்தான் ‘சவ்வுமொக்கு’ என்கிறேன். மொக்கு வீட்டில் புழங்குகிற சொல். கோயில் பள்ளியில் தமிழ் படிக்கிற பேரன் எழுத்துக்கூட்டிப் பாட்டிக்கு வாசித்துக் காட்ட முடியும். எல்லா மொக்கும் பூப்பதில்லை, பூக்குமுன் கிள்ளிவிடலாம் என்பதையும் சொல்லே சுமக்கிறது. எண்ணவும் வருகிறது: ‘மூன்று தசை வளர்ச்சி’ என்றால் நாக்கு இடறும், ‘மூன்று மொக்கு’ இடறாது. முன்னொட்டும் ஏற்கிறது: காம்பு மொக்கு, அடிபரந்த மொக்கு, தட்டை மொக்கு. இரைப்பையில் இருந்தால் இரைப்பைச் சவ்வுமொக்கு. திசு வகையில், புற்றாக மாறக்கூடிய அடினோமாவுக்குச் சுரப்பி மொக்கு. அதற்குள் திசு குழல்போல் அமைந்த குழல் வகை, விரல்போல் நீண்ட விரலி வகை, இரண்டும் கலந்தது.

எடுக்கும் முறைக்கும் சொற்கள் சரளமாக வருகின்றன. 10 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைச் சுருக்குக் கம்பியை மாட்டி, மின்சூடு இல்லாமலே அறுத்துவிடுகிறார்கள்: ‘சூடில்லாச் சுருக்கறுப்பு’. திரையில் பார்த்தால் கம்பி வளையம் மொக்கைச் சுற்றி விழுந்து, சுற்றியுள்ள நல்ல சவ்வையும் கொஞ்சம் சேர்த்து இறுக்குவது தெளிவாகத் தெரியும். பெரிய தட்டை மொக்கு என்றால் அடியில் உப்புநீர் ஏற்றி உயர்த்திய பிறகுதான் கம்பி. தடித்த காம்பில் ரத்தக்குழாய் ஓடும் என்பதால் ரத்தம் கொட்டாமலிருக்க முதலில் காம்பை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் போடுவதுண்டு. கிளிப்பைக் கிளிப் என்றே விடலாம்.

மறுபரிசோதனைக் காலத்தைத் துண்டறிக்கையில் கட்டாயம் சேர்க்க வேண்டும். அமெரிக்க வல்லுநர் குழுவின் 2020 பரிந்துரையில், 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த குழல்வகைச் சுரப்பி மொக்கு ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் 7 முதல் 10 ஆண்டு. 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ, அல்லது விரலி வகை சேர்ந்திருந்தால் 3 ஆண்டு. “எடுத்தாச்சு, இனி கவலையில்லை” என்று ஊர் திரும்புகிறவர்கள் இந்த வரியைத்தான் முதலில் மறக்கிறார்கள். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இன்னும் தீராதது ஒன்று. நுண்ணோக்கியில் சுரப்பி ஓரம் ரம்பப்பல் போலத் தெரிகிற வகை. ‘ரம்ப மொக்கு’ என்று எழுதிப் பார்த்தேன், காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது. ‘பல்லோர மொக்கு’ என்றால் பல்லில் ஏதோ என்று நினைப்பார்களோ? தட்டையாகக் கிடந்து புற்றாகவும் மாறக்கூடிய வகை இதில் இருப்பதால் விட்டுவிடவும் முடியாது. அச்சுக்குப் போகுமுன் இதற்கொரு சொல் தாருங்கள்.