ஹூவரும் கார்ட்டரும் தோற்றது எஞ்சினியர் புத்தியாலா?

கலங்கரை:
அமெரிக்காவில் எஞ்சினியராக வேலை பார்த்துவிட்டு அதிபர் நாற்காலிக்கு வந்தவர்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர்கள் இரண்டு பேர். சுரங்க எஞ்சினியர் ஹெர்பர்ட் ஹூவர், கடற்படையின் அணு நீர்மூழ்கித் திட்டத்தில் இருந்த ஜிம்மி கார்ட்டர். இரண்டு பேரையும் மக்கள் ஒரே தவணையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவும் சாதாரணத் தோல்வி இல்லை. 1932-இல் ரூஸ்வெல்ட்டுக்கு 472 எலக்டோரல் வாக்கு (மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்கு), ஹூவருக்கு 59. 1980-இல் ரீகனுக்கு 489, கார்ட்டருக்கு 49.

நானும் இருபது வருஷம் கொதிகலன் டிசைனில் இருந்தவன். தொழிலைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. கணக்கு சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அரசியலில் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இவர்கள் தோற்றது இதனால்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

மதகு:
நான் மறுக்கிறேன். இரண்டே இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒரு விதி எழுதலாமா சார்? ஹூவர் பதவியேற்று எட்டு மாதத்துக்குள் பங்குச்சந்தை விழுந்தது. 1933 வாக்கில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் தோற்றிருப்பார். கார்ட்டருக்கு இரட்டை இலக்க விலைவாசி ஒரு பக்கம், தெஹ்ரானில் 52 பேர் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்தது இன்னொரு பக்கம்.

வக்கீல்கள் மட்டும் ஜெயித்துக்கொண்டே இருந்தார்களா? வில்லியம் டாஃப்ட் சட்டம் கரைத்துக் குடித்தவர், பிறகு தலைமை நீதிபதியே ஆனவர். 1912-இல் அதிபர் பதவியில் இருந்தபடியே நின்று வாங்கியது 8 எலக்டோரல் வாக்கு. சட்டப் புத்தியால் தோற்றார் என்று யாராவது சொன்னார்களா?

செம்பருத்தி:
டாஃப்டை இழுத்தது நல்ல அடி. ஆனால் ஹூவரை வெறும் தோற்றவராகப் பார்ப்பது எனக்கு ஏற்பில்லை. வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் அவர் அதிபராவதற்கு முன்பு செய்ததைக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் முதல் மாணவர் அணியில் படித்து 1895-இல் வெளியே வந்தவர். மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்கங்கள், அப்புறம் சீனாவின் நிலக்கரிச் சுரங்கங்கள். 1914-இல் போர் தொடங்கியபோது லண்டனில் இருந்தார். ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பெல்ஜியத்துக்குள் தானியம் போகவேண்டும். பிரிட்டனின் கடற்படை கடலை அடைத்துவைத்திருக்கிறது. இரண்டு எதிரிகளிடமும் மாறிமாறிப் பேசி, எந்த அரசிலும் பதவி இல்லாத ஒரு மனிதர் 70 லட்சத்துக்கு மேற்பட்ட பெல்ஜியர்களுக்குச் சோறு போட்டார். இது கணக்கு மட்டும் தெரிந்த ஆள் செய்கிற காரியமா?

வணிகத் துறை அமைச்சராக இருந்தபோது இன்னொன்று. சாலைக்குப் பாவும் செங்கல் 66 வகையில் வந்துகொண்டிருந்தது. சட்டம் எதுவும் போடவில்லை. செங்கல் செய்பவர்களையும் வாங்குபவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசியே 11 வகையாகக் குறைக்கவைத்தார்கள். பேச்சுவார்த்தை தெரியாதவர் என்று அவரைச் சொல்லவே முடியாது.

கலங்கரை:
அக்கா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் செங்கல்காரர்களுக்கு அதில் லாபம் இருந்தது, அதனால் பேச்சு எடுபட்டது. பெல்ஜியர்கள் அவருக்கு ஓட்டுப் போடவேண்டியதில்லை. ஓட்டுப் போடுகிறவன் பசியோடு வாசலில் வந்து நின்றபோது என்ன நடந்தது என்று பாருங்கள்.

1932 கோடை. முதல் உலகப் போரில் சண்டை போட்ட சிப்பாய்களுக்கு ஒரு பத்திரம் கொடுத்திருந்தார்கள், 1945-இல்தான் பணம். வேலையில்லாமல் இருந்தவர்கள் இப்போதே கொடுங்கள் என்று வாஷிங்டனில் வந்து கூடினார்கள். அனகோஸ்டியா ஆற்றங்கரைச் சேற்றில் தகரமும் அட்டையும் வைத்துக் குடிசை. ஹூவரின் நிலை காகிதத்தில் சரி. தேதி 1945, கஜானாவில் பணமில்லை, செனட்டும் மசோதாவைத் தோற்கடித்துவிட்டது. ஆனால் அவர் அந்தக் கூட்டத்தின் முன்னால் ஒருமுறைகூடப் போய் நிற்கவில்லை. ஜூலை 28-ஆம் தேதி மெக்கார்தர் தலைமையில் ராணுவம் போனது, குடிசைகள் எரிந்தன. ஆற்றைத் தாண்டாதே என்ற உத்தரவை மெக்கார்தர் மீறினார் என்பது உண்மைதான். பழி அதிபர் தலையில்தான் விழுந்தது.

அடுத்த வருஷம் மே மாதம் அதே கோரிக்கையோடு சிப்பாய்கள் மறுபடி வந்தார்கள். ரூஸ்வெல்ட்டும் பணம் தரச் சம்மதிக்கவில்லை. 1935-இல் அந்த மசோதாவை அவரே வீட்டோ செய்தார். ஆனால் 1933-இல் அவர் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் தனியாக அவர்களுடைய முகாமின் சேற்றில் நடந்துபோய், அவர்களோடு நின்று போர்க்காலப் பாட்டுப் பாடிவிட்டு வந்தார். ஹூவர் ராணுவத்தை அனுப்பினார், ரூஸ்வெல்ட் மனைவியை அனுப்பினார் என்று சிப்பாய்கள் சொன்னதாக இன்றும் சொல்வார்கள். இரண்டு பேரிடமிருந்தும் வந்த பதில் ‘இல்லை’தான். ஒருவரை வெறுத்தார்கள், ஒருவரைக் கொண்டாடினார்கள். எஞ்சினியருக்கு இந்த வித்தியாசம் கணக்கில் வராது என்றுதான் நான் சொல்கிறேன்.

மதகு:
எலினார் போனது எனக்கும் மனதைத் தொடுகிற சம்பவம். ஆனால் அது ஹூவர் என்ற தனிமனிதரின் கூச்ச சுபாவம் சார், தொழிலின் குணம் இல்லை. அவர் உண்மையாகவே சறுக்கிய இடத்தைப் பாருங்கள். 1930-இல் இறக்குமதி வரியை உயர்த்தும் ஸ்மூட்-ஹாலி சுங்கச் சட்டம் வந்தது. 1,028 பொருளாதார நிபுணர்கள் வேண்டாம் என்று மனுக் கொடுத்தார்கள். ஹூவர் கையெழுத்துப் போட்டார். ஏன்? விவசாயிகளுக்குத் தேர்தல் வாக்குறுதி, கட்சிக்காரர்களின் நெருக்கடி. நிபுணர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டுக் கட்சி சொன்னதைச் செய்தார். அங்கே இருந்தது அரசியல் புத்தி. எஞ்சினியர் புத்தி கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கவேண்டும்.

கார்ட்டருக்கு வருகிறேன். 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் அணு உலையில் விபத்து. 28 வயது கார்ட்டர் தன் குழுவோடு அனுப்பப்பட்டார். டென்னிஸ் மைதானத்தில் உலையின் மாதிரி ஒன்றைக் கட்டி, எந்த போல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று அதில் திரும்பத் திரும்பப் பழகினார்கள். ஒருவர் உள்ளே இருக்கலாம் என்று கணக்கிட்ட நேரம் சுமார் 90 வினாடி. ஓடிப்போய், போல்ட்டைக் கழற்றி, ஓடிவரவேண்டும். உள்ளே ஒன்று கழன்றதும் வெளியே மாதிரியிலும் அதே போல்ட்டை எடுத்துவிடுவார்கள், அடுத்து போகிறவர் குழம்பக் கூடாது என்று. 1979-இல் த்ரீ மைல் ஐலண்டில் உலை பழுதானபோது நாலாவது நாளே அந்த மனிதர் மனைவியைக் கூட்டிக்கொண்டு அந்த நிலையத்துக்குள் போய் நின்றார். ஊர்மக்கள் பயத்தில் இருந்தார்கள் என்பதால்தான் போனார். நேரில் போய் நிற்கத் தெரியாதவர் என்று இவரை எப்படிச் சொல்வீர்கள்?

செம்பருத்தி:
கார்ட்டரைப் பற்றி ஒரு சின்னத் திருத்தம். அவர் கடற்படை அகாடமிப் பட்டதாரி, அணு நீர்மூழ்கித் திட்டத்தில் பயிற்சி பெற்றவர். 1953-இல் அப்பா இறந்ததும் வேலையை விட்டு ஊருக்கு வந்து வேர்க்கடலைத் தொழிலைக் கவனித்தார். ஹூவரைப் போல வாழ்நாள் எஞ்சினியர் இல்லை. இருந்தாலும் பழக்கம் விடவில்லை என்பதற்கு நல்ல சாட்சி ஜார்ஜியாவின் ஃபிளின்ட் ஆறு.

அங்கே ஸ்ப்ரூவெல் பிளஃப் என்ற இடத்தில் ராணுவப் பொறியாளர் படை அணை கட்டத் திட்டமிட்டது. ஆளுநர் கார்ட்டர் அவர்களின் செலவு-பயன் அறிக்கையை வாங்கித் தானே வரிவரியாகப் படித்தார். பயனை ஊதிக் காட்டியிருந்தார்கள், செலவைக் குறைத்துக் காட்டியிருந்தார்கள். 1973-இல் அணை வேண்டாம் என்று நிறுத்தினார். அந்த இடத்தில் ஆறு இன்றும் தடையில்லாமல் ஓடுகிறது.

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லவேண்டும். அதிபரான சில வாரங்களிலேயே, 1977-இல், இதே மாதிரி 19 நீர்த் திட்டங்களுக்குப் பணம் கிடையாது என்று பட்டியல் போட்டார். அதற்கு முந்தைய வருஷம்தான் ஐடஹோவில் டீட்டன் அணை முதல்முறை நிரம்பும்போதே உடைந்து 11 பேர் செத்திருந்தார்கள். கேள்வி கேட்க எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் சொந்தக் கட்சி உறுப்பினர்கள் பலருக்கே முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பகைமை நாலு வருஷமும் தீரவில்லை. இந்த இடத்தில் கலங்கரை சொல்வது சரி என்று எனக்கே படுகிறது.

மதகு:
ஒத்துக்கொள்கிறேன். போன் போட்டிருக்கவேண்டும். ஆனால் போன் போடத் தெரிந்த ஆட்கள் காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், ஏராளம் அக்கா. அறிக்கையின் உள்ளே போய்ப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் இல்லை. 535 பேரில் எஞ்சினியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இவர்களுக்கு உதவத்தான் 1972-இல் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1995-இல் செலவு மிச்சம் என்று மூடிவிட்டார்கள்.

நான் இருக்கும் ஊரில் பார்த்தது. மழைநீர்க் கால்வாய் சாலையைக் கடக்கும் இடத்தில் அடியில் குழாய் போடவேண்டும். 36 இன்ச் வேண்டும் என்று கணக்கு, 24 போதும் என்று கவுன்சில் முடிவு. நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். மேசையில் வரைபடம் தலைகீழாகக் கிடந்தது. ஏழு உறுப்பினர்களில் ஒருவர்கூட அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது வருஷ மழையில் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. எஞ்சினியருக்கு அரசியல் ஒத்துவராது என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் படம் தலைகீழாகவேதான் கிடக்கும்.

திருகாணி:
எல்லோரும் அதிபர்களையே பேசுகிறீர்கள். வெர்மாண்ட் பக்கம் வாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற சின்ன ஊரில் லேத் செய்யும் கம்பெனி ஜோன்ஸ் அண்ட் லாம்சன். அதை நடத்திய ஜேம்ஸ் ஹார்ட்னஸ் திருகு மரையைச் சோதிக்க ஒரு கருவியை உருவாக்கினார். திருகாணியை விளக்குக்கு முன்னால் வைத்தால் அதன் நிழல் பலமடங்கு பெரிதாகித் திரையில் விழும். மரையில் மயிரிழை பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். நானும் பட்டறையில் அந்த வகைக் கருவியில்தான் வேலை கற்றேன். அவர் 1921-இல் வெர்மாண்டின் ஆளுநரானார்.

அவருடைய மருமகன் ரால்ஃப் ஃபிளாண்டர்ஸ். கல்லூரிப் படிப்பு இல்லை, பட்டறையில் பயிற்சியாளாகத் தொடங்கி அமெரிக்க மெக்கானிக்கல் எஞ்சினியர்கள் சங்கத்தின் தலைவர் வரை போனவர். 1946-இல் செனட்டர். ஜோசஃப் மெக்கார்த்தி கண்டவர்களையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று குற்றம்சாட்டிக்கொண்டிருந்த காலம். வக்கீல்கள் நிறைந்த செனட்டில் பலரும் வாய்திறக்கப் பயந்தார்கள். 1954 மார்ச்சில் ஃபிளாண்டர்ஸ் எழுந்து தன் சொந்தக் கட்சிக்காரரான மெக்கார்த்தியை வெளிப்படையாகக் கண்டித்தார். கோடையில் தீர்மானம் கொண்டுவந்தார். டிசம்பர் 2-ஆம் தேதி 67-க்கு 22 என்று கண்டனம் நிறைவேறியது. ஓட்டு சேர்க்காமல் 67 வருமா?

கலங்கரை:
ஃபிளாண்டர்ஸ் எஞ்சினியர் என்பது எனக்குத் தெரியாது. தெரியவைத்ததற்கு நன்றி ஐயா. ‘எஞ்சினியரால் முடியாது’ என்று நான் எழுதியிருந்தால் அதை எடுத்துவிடுகிறேன். ஆனால் அவர் செனட்டுக்குப் போனபோது வயது 66. நாற்பது வருஷம் தொழிலாளிகளோடும் வியாபாரிகளோடும் பேசிப் பழகியவர். பட்டறை அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. நம் கல்லூரிப் படிப்பு அதைக் கற்றுக்கொடுப்பதில்லை என்பதில் நான் மாறவில்லை.

திருகாணி:
அது நியாயம். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினியர் என்றால் ஒரே பக்கம் சாய்வார் என்பதும் இல்லை. கென்டக்கியிலிருந்து காங்கிரஸுக்குப் போன குடியரசுக் கட்சிக்காரர் தாமஸ் மாஸியும் கலிஃபோர்னியாவிலிருந்து செனட்டுக்குப் போன ஜனநாயகக் கட்சிக்காரர் அலெக்ஸ் படீயாவும் எம்.ஐ.டி.யில் படித்தவர்கள். மாஸி வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைச் சூரியத் தகட்டிலிருந்து எடுத்து, பழைய டெஸ்லா கார் பேட்டரியில் சேமிக்கிறார், பசுமை மானியத்தை எதிர்த்து ஓட்டும் போடுகிறார். படீயா அதற்கு நேர் எதிர்.

மதகு:
சரி, நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். குடியுரிமை வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் கவுன்சிலில் அடுத்த தேர்தலுக்கு இரண்டு இடம் வருகிறது. மனுப் படிவம் வாங்கி வைத்திருக்கிறேன்.

செம்பருத்தி:
கேட்க மனதுக்கு நிறைவாக இருக்கிறது தம்பி. மனுக் கொடுக்கும் முன் தண்ணீர் புகுந்த வீடுகளுக்குப் போய் வாருங்கள். முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். குழாய் எத்தனை இன்ச் என்பதைக் கடைசியில் சொன்னால் போதும்.

மதகு:
பதினொரு வீடு அக்கா. சனிக்கிழமை காலையில் போகிறேன்.