91ஆம் எண் சாலையில் கட்டணத் தடத்தோடு எனக்கு ஏற்பட்ட பழக்கம்

கொரோனா நகரில் (நோய் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த ஊருக்கு அதுதான் பெயர்) வீடும் அனஹைமில் அலுவலகமுமாக இருந்த நாள்களில், கலிபோர்னியாவின் 91ஆம் எண் நெடுஞ்சாலையில் மாலைதோறும் ஊர்ந்துதான் வீடு திரும்புவேன். நடுவில், நெகிழிக் குச்சிகளுக்கு அப்பால், கட்டணத் தடத்து வண்டிகள் தடையின்றிப் போய்க்கொண்டிருக்கும். பணக்காரர் பாதை என்று ஓராண்டு முணுமுணுத்துவிட்டு, ஒருநாள் நானும் கட்டணத்தைத் தானாகப் பதிவு செய்யும் டிரான்ஸ்பாண்டர் கருவியை வாங்கிக் கண்ணாடியில் ஒட்டினேன்.

அங்கே நின்று பணம் கொடுக்கும் சுங்கச்சாவடி கிடையாது. நுழைவாயிலுக்கு முன்னுள்ள மின்பலகையில் அந்த நேரத்துக் கட்டணம் தெரியும். சில நொடிகளுக்குள் முடிவெடுத்தாக வேண்டும், ஏனெனில் உள்ளே போய்விட்டால் கவுண்டி (மாவட்ட) எல்லை வரை ஏறத்தாழ 10 மைலுக்கு வெளியேற வழியில்லை.

ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரரையும் அவர் மகளையும் ஏற்றிக்கொண்டு சென்றேன். காரில் மூவர் இருந்தால் பெரும்பாலான நேரங்களில் கட்டணமில்லை. வார நாள்களில் கிழக்கு நோக்கி மாலை 4 முதல் 6 மணி வரை மட்டும் பாதி. ஆனால் கட்டணம் பதிவாகும் இடத்தில் மூவர் வண்டிக்கென்று தனித் தடம் உண்டு. பேச்சு சுவாரசியத்தில் அதைக் கவனிக்கவில்லை. தாண்டிய பிறகு, "அங்கிள், அந்தப் பலகையில மூணுன்னு போட்டிருந்ததே" என்றாள் பின்னிருக்கையிலிருந்த குழந்தை. அன்று முழுக் கட்டணம் அழுதேன், தவறு என்னுடையதுதான்.

இந்தத் தடம் 1995 டிசம்பரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் திறக்கப்பட்டது என்றும், இருபுறமும் ஒன்றரை மைலுக்குள் அரசு தன் சாலையை அகலப்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது என்றும் அலுவலகத்து மூத்தவர் ஒருவர் சொன்னபோது எனக்கு நம்ப முடியவில்லை. நெரிசல் இருந்தால்தானே தடத்துக்கு வாடிக்கை! 2003இல் ஆரஞ்சு கவுண்டி போக்குவரத்து ஆணையம் அதை 20.75 கோடி டாலருக்கு வாங்கிய பிறகே அந்தத் தடை நீங்கியது. பிறகு 2017இல் தடம் ரிவர்சைடு கவுண்டிக்குள்ளும் நீண்டது.

பொதுக் கைக்கு வந்தால் கட்டணம் குறையும் என்றுதான் எண்ணியிருந்தேன். நடந்தது வேறு. ஒவ்வொரு மணிக்கும் தனி விலை போட்ட அட்டவணை இருக்கிறது. பன்னிரண்டு வாரப் போக்குவரத்தைப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் வரும் வண்டிகள் தடத்தின் கொள்ளளவை நெருங்கினால் அந்த நேரத்து விலையை ஏற்றுகிறார்கள், வரத்து நன்றாகக் குறைந்தால் இறக்குகிறார்கள். விலையை மலிவாக்கினால் எல்லோரும் உள்ளே வந்து அந்தத் தடமும் ஊர்ந்துவிடும் என்பதால், அதன் நியாயத்தை மெல்லத்தான் ஒப்புக்கொண்டேன். கடன் போக மிஞ்சும் பணம் அதே 91 வழித்தடத்துக்குச் செல்வது ஓரளவு ஆறுதல்.

தினமும் அதில் போக என் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. என் குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைக்க வேண்டிய நாள்களுக்கு மட்டும் ஒதுக்கினேன். அப்படி ஒரு மாலை ஐந்து மணிக்குப் பணம் கட்டி நுழைந்தால், குச்சிகளுக்கு அந்தப்பக்கம் இலவசத் தடத்தில் வண்டிகள் எனக்கு இணையாகவே ஓடிக்கொண்டிருந்தன. அட்டவணை அன்றைய சாலையைப் பார்ப்பதில்லை.